இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பர்ன்அவுட் வந்தால்: என்ன பார்க்கணும், யாரிடம் போகணும், எதை விடணும்

முதல் வருடம் புதுசு என்பதாலேயே ஓடிவிடும். பிரச்சினை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது செமஸ்டரில்தான் தலைகாட்டுகிறது. டிபார்ட்மென்ட் பாடங்கள் அப்போதுதான் ஆரம்பிக்கும். முதல் வருடக் கணக்குப் பேப்பர் அரியராக (பாஸ் ஆகாமல் மறுபடி எழுத வேண்டிய பேப்பராக) கூடவே வரும். இதற்கு நடுவில் ஸ்கில்ராக் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் தினம் இத்தனை புரோகிராம் போடணும் என்று ஒரு உத்தரவு, அரசின் நான் முதல்வன் திறன் கோர்ஸ், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடம், சிம்போசியம், பிளேஸ்மென்ட் டிரெய்னிங். எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்ற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்புக்குப் போகவே கால் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். இப்படிச் சுமை தாங்காமல் ஓய்ந்துபோவதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், விதிமுறைகள் மட்டும் மாறும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் முக்கால்வாசி உங்கள் தலையில் இன்னும் கொஞ்சம் வேலையை ஏற்றும். காலையில் யோகா பண்ணு, டைரி எழுது, ஒரு ஆப் போட்டுப் பழக்கத்தைக் கண்காணி என்பார்கள். மூச்சு முட்ட ஓடுகிறவனிடம் கூடவே நாலு பயிற்சி செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் குறைக்கணும். சேர்ப்பதெல்லாம் அப்புறம்.

எது பர்ன்அவுட், எது இல்லை

1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் கவனித்து பர்ன்அவுட் பற்றி எழுதினார். ஆர்வமாக வந்து சேர்ந்தவர்களே சில மாதங்களில் எரிச்சலும் அலுப்புமாக மாறிப்போவதுதான் அவர் கண்டது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 2002-ல் அதற்கு மாணவர்களுக்கான வடிவமும் வந்தது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: படிப்பால் வரும் ஓய்ச்சல், படிப்பின் மேலேயே வரும் வெறுப்பும் விட்டேத்தியும், ‘என்னால் இது ஆகாது’ என்ற எண்ணம்.

இந்த மூன்றில் நம் ஊரில் யாரும் கவனிக்காதது நடுவில் இருப்பது. ஓய்ச்சலைப் பார்த்தால் வீட்டில் சத்துமாவு கரைத்துக் கொடுப்பார்கள். மார்க் குறைந்தால் கல்லூரியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆனால் முன்பு சர்க்யூட் போர்டைப் பிரித்து மேய்ந்த பையன் “எல்லாம் வேஸ்ட் மச்சி, டிகிரி வாங்கி என்னத்தைக் கிழிக்கப் போறோம்” என்று எல்லாவற்றுக்கும் நக்கல் அடிக்க ஆரம்பித்தால், அதை அறிகுறி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. திமிர் என்றுதான் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வான்.

சாதாரணக் களைப்பு இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். பர்ன்அவுட் அப்படிப் போகாது, ஆனால் அது படிப்பைச் சுற்றியே இருக்கும். ஊரில் திருவிழாவுக்குப் போனால் சிரிப்பீர்கள், சாப்பிடுவீர்கள். திரும்பிக் கல்லூரி பஸ் ஏறும்போதுதான் வயிற்றைப் பிசையும். எதிலுமே பிடிப்பில்லை, பிடித்த சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது அல்லது எந்நேரமும் தூக்கம், இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் மிச்சக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். 14416-க்கு இப்போதே கூப்பிடுங்கள். ‘நட்புடன் உங்களோடு’ என்று தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. கூடவே அறையில் இருக்கும் நண்பனிடமும் சொல்லிவிடுங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் கண் சொருகுகிறது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்று வரும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எட்டில் நிற்கும். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே கதைதான். விடுதிச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு வெறும் டீயும் பன்னுமாக ஓட்டும் பையன்களும் இதில் அடக்கம். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். உடம்பில் குறையை வைத்துக்கொண்டு மனதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் ஒரு கணக்கு

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். டே ஸ்காலராக இருக்கும் ஒருவரின் சாதாரண நாள் இது. காலை 6.15-க்கு ஸ்டாப்பில் நிற்கணும், வீடு திரும்ப மாலை 6.15. போய்விட்டது 12 மணி நேரம். தூக்கத்துக்கு 7 என்று வைத்தால் 19. குளியல், சாப்பாடு, துணி, கடைக்கு ஒரு நடை என்று ஒன்றரை. மிச்சம் மூன்றரை மணி நேரம்.

இப்போது பக்கத்தில் அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் நீங்கள் செய்வதாக ஒத்துக்கொண்டவற்றை எழுதுங்கள். லேப் ரெக்கார்டு ஒரு மணி நேரம். அசைன்மென்ட் ஒரு மணி. ஸ்கில்ராக் ஒரு மணி. நாளைய ஸ்லிப் டெஸ்டுக்கு ஒன்றரை. அரியர் பேப்பருக்கு ஒரு மணி. என்பிடெல் வீடியோ முக்கால் மணி. கூட்டினால் ஆறேகால் வருகிறது. போன் நோண்டுவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மூன்றரைக்குள் ஆறேகால் அடங்காது. நடைமுறையில் அது தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும், அடுத்த நாள் வகுப்பு வீணாகும், அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் தூக்கம் போகும். ‘நான் சோம்பேறி, மத்தவங்க எல்லாம் பண்றாங்க’ என்று சொல்லிக்கொள்பவர்கள் கட்டாயம் இந்தத் தாளை எழுதிப் பார்க்கணும். மற்றவர்களில் பாதிப் பேர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள், புரோகிராமைக் காப்பியடிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

விடுதியில் இருப்பவர்களுக்குப் பஸ் நேரம் மிச்சம். ஆனால் ராத்திரி 12 மணிப் பிறந்தநாள் கேக்கும், பக்கத்து அறைச் சத்தமும் அதைத் தின்றுவிடும்.

எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

வருகைப்பதிவைத் தொடாதீர்கள். 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டிச் சலுகை கேட்கலாம். அதற்குக் கீழே போனால் செமஸ்டரே போய்விடும். சோர்வாக இருக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு நாள் சொல்லாமல் விடுப்பு எடுப்பவர்கள் அக்டோபரில் மாட்டிக்கொள்வது இங்கேதான். லேப்பையும் விடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (விதித்தொகுப்பில்) தியரி பேப்பருக்கு இன்டர்னலே, அதாவது கல்லூரிக்குள் போடும் மதிப்பெண்ணே, 40. முடியாத காலத்தில் உங்களைத் தாங்கிப் பிடிப்பது அந்த 40-தான். செமஸ்டர் தேர்வுக்கு முன் ஒரு வாரம் ராப்பகலாக முட்டி மோதுவதைவிட இன்டர்னலை ஓரளவு வாங்கிவைப்பது உடம்புக்கும் நல்லது.

இவை தவிர மற்ற எல்லாமே வெட்டக்கூடியதுதான், ஒரு செமஸ்டருக்காவது. சிம்போசியம் பேப்பர் பிரசன்டேஷன். கிளப் செக்ரட்டரி பதவி. கட்டாயமில்லாத இரண்டாவது என்பிடெல். இரண்டாம் வருடத்திலேயே எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வுக் கோச்சிங். விட்டுப்போகக் கூடாதே என்று காய்ச்சலிலும் காப்பாற்றும் கோடிங் ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் புரோகிராம் போட்ட கணக்கு). சர்டிஃபிகேட் சேர்ப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஒரு மணி நேரத்தில் முடியும் ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ் பதினைந்தை ரெஸ்யூமில் அடுக்குவதைவிட, ஸ்டாண்டிங் அரியர் இல்லை என்ற ஒரே வரி கேம்பஸ் இன்டர்வியூவில் அதிகக் கதவைத் திறக்கும்.

அரியர் நான்கைந்து சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்ட நினைக்காதீர்கள். சுலபமான இரண்டை எடுத்துக்கொண்டு தயாராகுங்கள். கஷ்டமான கணக்குப் பேப்பரை அடுத்த செமஸ்டருக்கென்று மனதாரத் தள்ளிவையுங்கள். மனதாரத் தள்ளணும், அதுதான் விஷயம். தள்ளிவிட்டுக் குற்றவுணர்ச்சியோடு திரிந்தால் நேரமும் மிச்சமாகாது, நிம்மதியும் இருக்காது.

வெட்ட முடியாத ஒரு வேலை சிலருக்கு இருக்கும். சனி ஞாயிறு கேட்டரிங், சாயங்காலம் டெலிவரி, வீட்டில் தம்பி தங்கைக்குச் சமையல். அதை விடு என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு வரவேண்டிய காசு முழுவதும் வருகிறதா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு தாள் குறைகிறது என்று விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பது சகஜம். நேரில் போய்க் கேளுங்கள்.

தூக்கம்

உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படித்ததை மூளை நினைவில் பதிப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே ராத்திரி முழுக்க விழித்து ஐந்து யூனிட்டையும் ஓட்டிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பித் தெரிவதில் ஆச்சரியமில்லை. காப்பியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்குக் கேன்டீனில் குடித்த ஸ்ட்ராங் காப்பி நள்ளிரவிலும் பாதி உள்ளே இருக்கும். நான்கு மணிக்கு மேல் வேண்டாம். பஸ்ஸில் வரும் தூக்கத்தைத் தடுக்காதீர்கள், அந்த நேரத்தில் நோட்ஸ் பார்க்கணும் என்ற வீம்பும் வேண்டாம்.

யாரிடம், எப்படிச் சொல்வது

“சார், எனக்கு பர்ன்அவுட்” என்று ஸ்டாஃப் ரூமில் போய் நின்றால் பெரும்பாலும் காரியம் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சேர்த்தது, நோய் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை வைத்து மருத்துவச் சான்றிதழ் எதிர்பார்ப்பதும் கஷ்டம். எனவே பெயரை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

கிளாஸ் அட்வைசரிடமோ மென்டாரிடமோ, மற்ற ஸ்டாஃப் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். இப்படி: “சார், ரெண்டாவது இன்டர்னலும் ரெண்டு ரெக்கார்டும் ஒரே வாரத்துல வருது. ஒரு மாசமா சரியா தூங்கல, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில காட்டிட்டு இருக்கேன். ரெக்கார்டை மட்டும் அடுத்த திங்கக்கிழமை வெச்சுக்கலாமா சார்?” தேதியோடு கேட்டால் சரி என்று சொல்ல அவருக்கும் சுலபம். “டைம் குடுங்க சார்” என்றால் எவ்வளவு என்று தெரியாமல் முடியாது என்றுதான் வரும். அவர் மறுத்தால் அந்தப் பாட ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். ஹெச்ஓடி, அதாவது துறைத்தலைவர், கடைசி.

வீட்டில் சொல்வது இதைவிடக் கஷ்டம். போனை எடுத்ததும் “மார்க் எவ்வளவு” என்று கேட்கும் வீடாக இருந்தால் இன்னும் கஷ்டம். படிக்க விருப்பமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “அம்மா, நான் படிப்பை விடப்போறதில்ல. உடம்பு தாங்கல, அவ்வளவுதான். ஒரு மாசம் மார்க்கைப் பத்திக் கேக்காதம்மா. அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு.” பெரியம்மா பெண், மாமா பையன் என்று கல்லூரி முடித்தவர்கள் யாராவது சொந்தத்தில் இருந்தால், அவர்கள் மூலம் சொல்லவைப்பது இன்னும் நன்றாக வேலை செய்யும். அவர்கள் பேச்சை வீட்டில் கேட்பார்கள்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரியில் யார் என்று கேளுங்கள். ஏதோ ஒரு பேராசிரியரின் பெயரை மட்டும் பலகையில் எழுதி வைத்திருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காலையில் ஓபி சீட்டு வாங்கினால் போதும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்றதும் நண்பர்கள் அடிக்கும் ஜோக்குக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, கல்லூரிக்கு அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் போதவில்லை என்றால்

ரெகுலேஷன் புத்தகத்தில் யாரும் படிக்காத இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, தேர்விலிருந்து விலகல். தகுந்த காரணமும் ஆதாரமும் காட்டி, ஹெச்ஓடி, முதல்வர் பரிந்துரையோடு ஒரு செமஸ்டரின் பேப்பர்களிலிருந்து விலக அனுமதி வாங்கலாம். முழுப் படிப்புக் காலத்திலும் ஒரு செமஸ்டருக்குத்தான் இது கிடைக்கும். அனுமதியோடு விலகினால் அந்தப் பேப்பரைத் தேர்வு எழுதியதாகக் கணக்கில் எடுப்பதில்லை. சொல்லாமல் ஹாலுக்குப் போகாமல் இருந்தால் அது அரியர். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

மற்றது படிப்பு இடைவெளி. முறையாக முன்கூட்டியே விண்ணப்பித்து நிறுத்திவிட்டு, பிறகு வந்து தொடரலாம். ஆனால் பி.இ.க்கு உள்ள அதிகபட்சக் கால வரம்பில் அந்த இடைவெளியும் சேரும், திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதல் பேப்பர் எழுத வேண்டி வரலாம். தன்னாட்சிக் கல்லூரிகளின் விதி வேறாக இருக்கும், அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். இடைவெளி எடுத்து வீட்டில் சும்மா இருப்பதை எல்லோராலும் தாங்க முடியாது, பக்கத்து வீட்டுக் கேள்விகள் அப்படி. அதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓய்வெடுத்தும் வெறுப்பு மட்டும் போகவில்லை என்றால், குரூப்பே தப்பாக இருக்கலாம். கட்-ஆஃபுக்குக் கிடைத்தது என்று மெக்கானிக்கல் எடுத்தவர்கள், மாமா சொன்னார் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் நிறைய. செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, உங்கள் பாடத்தில் எதையாவது கட்டாயமில்லாமல் படிக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றவே இல்லையா? அதற்காக மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு ஓடவேண்டியதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், எம்பிஏவுக்கும் அப்படித்தான். பாஸ் ஆனால் போதும் என்ற அளவுக்கு இலக்கை இறக்கிவிட்டு மிச்ச நேரத்தைப் பிடித்ததில் போடலாம். முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டால் மாறுவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள், அப்போது இழப்பு குறைவு.

மறுபடி புத்தகத்தைத் தொடும்போது

சுமை குறைந்து, தூக்கம் சரியாகி, மண்டை கொஞ்சம் தெளிந்தபின் எல்லாப் பாடத்தையும் பிடித்துவிடும் வெறி வரும். அதை நம்பாதீர்கள். ஒரு பாடம், ஒரு யூனிட்.

நான் சொல்வது பார்ட் ஏ-யிலிருந்து ஆரம்பிக்கும் வழி. கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து இருக்கும், அதாவது 20 மதிப்பெண். அப்புறம் 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. பழைய கேள்வித்தாள் ஐந்தாறு எடுத்து, ஒரு யூனிட்டின் இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் பதிலோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முடியும். திரும்பத் திரும்ப வருவது எது என்று அப்போதே தெரிந்துவிடும். அரை மணி ஆனதும், இன்னும் படிக்க முடியும்போல இருந்தாலும் மூடிவையுங்கள். மறுநாள் அதே யூனிட்டில் ஒரே ஒரு 13 மதிப்பெண் கேள்வி, படத்தோடு.

ஐந்து யூனிட் கொண்ட ஒரு பேப்பரை இப்படிப் போனால் மூன்று வாரத்தில் ஒரு சுற்று வரும். அந்த மூன்று வாரமும் பக்கத்து பெஞ்சில் எந்த யூனிட் ஓடுகிறது என்று கேட்காதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடுங்கள், சர்க்குலர் ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லி ஒரு நண்பனிடம் மட்டும் சொல்லிவையுங்கள். ஸ்கில்ராக்குக்கு அடுத்த மாதம் திரும்பிக்கொள்ளலாம்.